பழைய ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கிக்கு (நின்றே ஓட்டும் தண்ணீர் வண்டி) எந்த ஃபிளேம் அரெஸ்டர் (கார்புரேட்டர் வாயில் நெருப்பைத் தடுக்கும் உலோக வலை)? பைக் கோன் ஃபில்டர் போதுமா?

போதாது. பைக் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், நெருப்பைப் பிடிக்காது.

1996-க்குப் பிந்தைய யமஹா சூப்பர்ஜெட், 701 சிசி, இரண்டு 38 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர், ஏர்பாக்ஸ் (கார்புரேட்டருக்குக் காற்று போகும் பெட்டி) இல்லாமல் உங்கள் கைக்கு வந்தது. நாகப்பட்டினத்து மெக்கானிக் அரெஸ்டரைப் பார்த்து "அந்த வலை ஜாலியே வேண்டாம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கை படுவதெல்லாம் ஃபைபர் படகின் அவுட்போர்டு. அது வெளிக்காற்றில் தொங்குகிறது, கசிந்த பெட்ரோல் ஆவி தங்க இடமில்லை. 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகில் பொருத்திய பெட்ரோல் எஞ்சின்களுக்கு அரெஸ்டரைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதியே அவுட்போர்டுக்கு விலக்கு தருகிறது. உங்கள் வண்டியில் எஞ்சின், டேங்க், ஒயரிங் எல்லாம் ஹூடுக்கு அடியில் ஒரே குழியில் கிடக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். மிக்சர் லீனாக (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) இருந்தாலோ, உள்ளே போன மிக்சரைத் திரும்ப விடாத ரீட் வால்வின் இதழ் உடைந்திருந்தாலோ எஞ்சின் கார்புரேட்டர் வழியாக நெருப்பைத் திருப்பி 'டப்' என்று அடிக்கும். அந்தச் சுவாலையின் சூட்டை வாங்கி அங்கேயே அணைப்பது அரெஸ்டரின் நெருக்கமான உலோக மடிப்புதான்.

முதலில் ஒரிஜினல் ஏர்பாக்ஸை, அதன் அரெஸ்டரோடு, செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தெறிக்கிற தண்ணீரை அது தடுக்கும், கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்ற வேண்டாம். கிடைக்கவே இல்லையென்றால் வெளி அரெஸ்டர். பாடியில் யு.எஸ். கோஸ்ட் கார்டு 162.041, எஸ்.ஏ.இ. ஜே-1928, யு.எல். 1111, இவற்றில் ஒன்று அடித்திருக்க வேண்டும். விற்பவரிடம் அந்த முத்திரையின் போட்டோ கேளுங்கள். 'மரைன் டைப்' என்று மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். மேலே மாட்டும் துணி உறை தண்ணீருக்கு நல்லது, ஆனால் அது அரெஸ்டர் ஆகாது.

அடுத்தது உயரம். அரெஸ்டரின் தலையில் ஒரு புரோட்டா மாவு உருண்டையை வைத்து ஹூடை மூடித் திறங்கள். மாவு எவ்வளவு தடிமனாக நசுங்கியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும், அதனால் ஒரு விரல் தடிமனாவது வேண்டும். சோக் லீவர் அரெஸ்டரின் அடித்தட்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது நடக்கிற பெரிய தப்பு போல்டில். அடித்தட்டைப் பிடிக்கும் போல்டு அதிர்வில் கழன்றால் நேரே கார்புரேட்டருக்குள், அங்கிருந்து கிராங்க் கேஸுக்குள் போகும். எஞ்சின் காலி. போல்டின் மரையை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நீல லாக்டைட் (போல்டு கழலாமல் பிடிக்கும் பசை) விட்டு, புது கேஸ்கெட் போட்டு முடுக்குங்கள்.

திறந்த அரெஸ்டர் கூடுதல் காற்று விடும், மிக்சர் லீனாகும், டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன் சீஸ் ஆகும். பெரிய மெயின் ஜெட்டில், ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாக) ஆரம்பியுங்கள். தண்ணீரில் முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் போய், த்ராட்டிலை விடாமலே எஞ்சினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றுங்கள். காபிக்கொட்டை நிறம் சரி. வெளுத்திருந்தால் அதோடு நிறுத்துங்கள். இன்னும் பெரிய ஜெட் வேண்டும். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவே மிக்சரை லீன் பக்கம் இழுக்கும். வெளிநாட்டு வீடியோவில் சொல்கிற ஜெட் நம்பர் அதனால்தான் இங்கே அப்படியே ஒத்துவராது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் டேங்கில் விட்டால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய வண்டிக்காரனுக்கு வேறு பெட்ரோல் எளிதில் கிடைக்காதபடி இதைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதைப் பேசினால் பதில் நீளும்.

உப்புத் தண்ணீரில் ஓட்டிய அன்றே அரெஸ்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துக் காயவையுங்கள். அலுமினிய மடிப்பில் வெள்ளைப் பொடி பூத்து ஓட்டை விழுந்தால் சுவாலை அந்த வழியே வந்துவிடும். ஒட்டுப்போடாதீர்கள், மாற்றுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் ஓட்ட நினைத்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள். குளிர்காலத்தில் அங்கே வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். வெள்ளத்தோடு வெங்காயத்தாமரை வரும்போது எஞ்சின் அலறியும் வண்டி நகராவிட்டால் அரெஸ்டரைக் குடையாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் பம்ப்பின் கம்பித் தட்டியில் சுற்றியிருக்கும் வேரை எடுங்கள்.