பேப்பரில் 600, கடலில் எத்தனை? பெரிய கடல் எஞ்சின்கள் பற்றிய கேள்வி பதில்

ரொறன்ரோவில் ஒரு எஞ்சின் கட்டும் பட்டறையில் 12 வருசம் நின்றுவிட்டு, இப்போது சுன்னாகத்தில் லேத் வேலையும் ஹெட் வேலையும் செய்கிறேன். அங்கே எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் வேகப் படகுகளின் பெரிய பெற்றோல் வி8 எஞ்சின்கள். ரர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல், தானாகக் காற்றை இழுத்து ஓடுகிற சாதி. இரண்டு கிழமையாக வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

குருநகர்: அண்ணை, எங்களுக்கு 25, 40 குதிரைவலுவே பெரிசு. 8, 9 லீற்றர் எஞ்சின் எதுக்கு? சின்ன எஞ்சினுக்கு ரர்போ பூட்டினால் போதாதோ?

பூட்டலாம், பூட்டுகிறார்கள். ஆனால் படகு எஞ்சினின் பிழைப்பு வேறு. காரில் வேகம் பிடித்தபின் காலை எடுத்தால் எஞ்சின் மூச்சு விடும். கடலில் இறக்கம் என்று ஒன்று கிடையாது. சுமை ஏற்றிய லொறி ஒன்று முடிவில்லாத ஏற்றத்தில் ஏறுவதாக நினையுங்கள்.

இன்னொன்று, புரொப்பெல்லர் கேட்கிற வலு சுற்றின் கனமாக (சுற்று × சுற்று × சுற்று) ஏறும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 500 குதிரைவலு கேட்பது 4,000 சுற்றில் 256 தான் கேட்கும். அதையே 5,250க்கு ஏற்ற 579 வேண்டும். அந்தக் கடைசி 250 சுற்றுக்குத்தான் சனம் காசைக் கொட்டுகிறது. காற்றை அமுக்கித் திணித்தால் காற்றும் சூடு, சிலிண்டரும் சூடு. கொள்ளளவைக் கூட்டினால் அதே வலுவை ஆறுதலாக எடுக்கலாம். சோம்பேறி வழிதான், எனக்குப் பிடித்த வழியும் அதுதான். மேர்க்குரி நிறுவனம் ஒரு காலத்தில் 2.6 லீற்றர், 6 சிலிண்டரில் சூப்பர்சார்ஜர் வைத்து வெராடோ என்ற படகு எஞ்சினை விற்றது. 2021இல் அதே பெயரில் 600 குதிரைவலு எஞ்சினை இறக்கியபோது 12 சிலிண்டர், 7.6 லீற்றர், சூப்பர்சார்ஜர் இல்லை.

ஸ்காபரோ, ஊர் கரவெட்டி: பழைய செவர்லே லொறியிலிருந்து 454 ஒன்று மலிவாகக் கிடைத்தது. அப்படியே படகில் இறக்கலாமா?

454 கன அங்குலம் என்றால் 7.4 லீற்றர். கடலுக்கு வருகிற பல எஞ்சின்களின் புளொக்கும் அதே குடும்பம்தான். ஆனால் அப்படியே இறக்காதீர்கள் தம்பி. காரில் பெற்றோல் கசிந்தால் றோட்டில் ஊற்றுண்டு காற்றோடு போகும். படகில் அடித்தட்டில் தங்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், மேலே வராது. அதற்குள் கார் ஸ்டார்ட்டர் ஒரு பொறி விட்டால் கதை முடிந்தது. அதனால் ஸ்டார்ட்டர், அல்டர்னேட்டர் எல்லாம் பொறி வெளியே வராதபடி மூடிய கடல் ரகமாக இருக்கவேண்டும். காற்று இழுக்கும் வாயில் சுவாலை தடுக்கும் வலை வேண்டும். சாவி போடுமுன் அடித்தட்டு விசிறியை 4 நிமிடம் ஓடவிட வேண்டும். இதில் பேரம் பேசாதீர்கள்.

புளொக்கின் தகட்டு அடைப்புகள் காரில் இரும்பு, கடலில் பித்தளை. ஹெட் காஸ்கட்டும் உப்புக்குத் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். கேமும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்ற வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

மயிலிட்டி: உறவினர் ஒருவர் அவுஸ்திரேலியாவில் படகு வைத்திருக்கிறார். பந்தயக் கேம் போட்ட பிறகு சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறதாம். காஸ்கட் இரண்டு தரம் மாற்றியாயிற்று.

காஸ்கட்டில் பிழை இருக்காது. இப்படி ஒரு எஞ்சின் எங்கள் மேசைக்கும் வந்தது. எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம். ஆறு பிளக் வெளிர் கபில நிறம். கடைசி இரண்டின் நுனியில் மட்டும் கோப்பாய் செம்மண் ஒட்டினது போலத் துரு. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது, வாயில் வைத்தால் உப்பு. (வைத்துப் பார்த்தது நான்தான்.)

படகில் குளிர்விக்கும் தண்ணீரைப் புகையோடு கலந்துதான் வெளியே விடுகிறோம். பந்தயக் கேமில் உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம். வேகமாக ஓடும்போது நல்லது. மெதுவாக நிற்கும்போது சிலிண்டர் புகையைத் திரும்ப உறிஞ்சும், அதோடு தண்ணீர்த் துளியும் வரும். அதனால் கடல் கேமில் இரண்டு வால்வையும் தள்ளும் முட்டுகளின் (லோப்) இடைக்கோணத்தை 112 முதல் 114 பாகை வரை அகட்டி வெட்டுவார்கள். கேமை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மனமில்லையென்றால் தண்ணீர் கலக்கும் இடத்தைப் புகைக்குழாயில் எஞ்சினுக்கு இன்னும் தூரமாகத் தள்ள வேண்டும்.

பருத்தித்துறை, தொழில்நுட்பக் கல்லூரி மாணவி: டைனோவில் ஏற்றி என்ன பார்ப்பீர்கள்?

நல்ல கேள்வி பிள்ளை. டைனோ என்பது எஞ்சினைப் பூட்டி, சுமை கொடுத்து ஓட்டிப் பார்க்கும் அளவு மேசை. அது அளப்பது டோர்க்கையும் (முறுக்கு விசை) சுற்றையும்தான். குதிரைவலு கணக்கில் வருவது: அடி-இறாத்தலில் டோர்க்கைச் சுற்றால் பெருக்கி 5,252ஆல் வகுக்க வேண்டும். 540 கன அங்குல எஞ்சின் ஒன்று 5,200 சுற்றில் 600 அடி-இறாத்தல் தந்தால் 594 குதிரைவலு.

கார்க்காரர் 3,000இலிருந்து 6,000 வரை சில விநாடிகளில் இழுத்து, வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். படகுக்கு அது கலியாணப் படம் மாதிரி. முதலில் நடுத்தரச் சுமையில் ஓட்டிப் பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு உட்கார வைப்போம். பிறகு ஒயில் பில்டரை வெட்டி, மடிப்புத் தாளைப் பிழிந்து வெயிலில் விரித்துப் பார்ப்போம். மினுமினுப்பு இருந்தால் பெயாரிங் தின்னுகிறது. அதற்குப் பிறகுதான் இழுவை. காற்றும் பெற்றோலும் எடையில் 12.5க்கு 1 அளவில் இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

கடைசியில் ஒரே சுற்றில் பிடித்து வைப்போம். மேலே சொன்ன 540ஐ ஒருமுறை 4,800இல் பிடித்தோம். இழுவைகளில் ஒயில் அழுத்தம் 70இல் ஆடாமல் நின்ற எஞ்சின் அது. நாலாவது நிமிடம் ஊசி நடுங்கி 55க்கு வந்தது. உடனே இறக்கினோம். ஒயில் மேலே ஹெட்டில் தங்கி, கீழே தொட்டி வறண்டு, பம்ப் காற்றை உறிஞ்சியிருந்தது. பெரிய தொட்டி போட்டு, வடிகால் துளையை அகலமாக்கினோம். அந்த நாலு நிமிடம் கடலில் நடந்திருந்தால் கிராங்க் போயிருக்கும். சொந்தக்காரருக்கு 594 என்ற எண்தான் ஞாபகம், எனக்கு அந்த ஊசி.

கொக்குவில்: யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு டைனோ போடலாமே?

ஆசைதான். கணக்கைப் பாருங்கள். அந்த டைனோ தண்ணீரைக் கடைந்து வலுவை விழுங்கும், 600 குதிரைவலுவும் சூடாகத் தண்ணீருக்குள் போகும். தண்ணீர் 35 பாகை சூடேறலாம் என்று விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 லீற்றர் ஓடவேண்டும். எங்கள் கிணற்றில் அப்படி இறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேலி பாய்ந்து வருவார். அதோடு இது சுண்ணாம்புக்கல் தண்ணீர். கேத்தலில் படிகிற வெள்ளை டைனோவின் சுழலியிலும் படியும். தொட்டி கட்டி, மழைத்தண்ணீரை நிரப்பி, குளிர்வித்துச் சுற்றவிட்டால் நடக்கும். பெற்றோல் நிமிடத்துக்கு 3 லீற்றர். 2022இல் காருக்குக் கிழமைக்குக் கிடைத்த 20 லீற்றர் பங்கீடு 7 நிமிடத்தில் முடிந்துவிடும்.

காரைநகர்: டைனோ தாளில் 600 என்று இருக்கும் எஞ்சின் இங்கே வந்தால் 600 தருமா?

தராது. தாளின் மூலையில் பொடி எழுத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பட்டறைகள் பல, 15.6 பாகை உலர்ந்த காற்றுக்குத் திருத்திய எண்ணையே தரும். 25 பாகைக்குத் திருத்தும் எஸ்ஏஈ ஜே1349 என்ற பொறியாளர் சங்கத் தர முறையில் அதே எஞ்சின் 4 சதவீதம் போலக் குறைவாகக் காட்டும். இரண்டும் களவு இல்லை, அளவுகோல் வேறு. நம்மூர் 32 பாகை, 75 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 600, 560 அளவில் நிற்கும். அதுவும் எஞ்சின் மூடிக்குள் சூடு தேங்காமல், வெளிக்காற்று நேரே வந்தால்தான்.

நல்லூர்: ஒக்டேன் 92 போதுமா?

அமுக்க விகிதம் 9க்கு 1 அளவில் கட்டினால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் 95. அலுமினிய ஹெட் என்றால் கொஞ்சம் இடம் தரும். முழுச் சுமையில் நீண்ட நேரம் ஓடும் எஞ்சினில் தட்டும் சத்தம் காதுக்கு எட்டுமுன் பிஸ்டன் உருகிவிடும். அதனால் நான் எப்போதும் பயந்தபடிதான் கட்டுவேன்.

நெடுந்தீவு: இதெல்லாம் சரி, என்ர 25 குதிரைவலு எஞ்சினுக்கு இதில் ஏதும் உதவுமோ?

உதவும். எஞ்சின் புத்தகத்தில் முழுத் திறப்பில் எத்தனை சுற்று என்று ஒரு வீச்சுப் போட்டிருப்பார்கள். சுற்றுமானி ஒன்று இரவல் வாங்கி, முழுதாகத் திறந்து பாருங்கள். வீச்சுக்குக் கீழே நின்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) கூடிவிட்டது, எஞ்சின் திணறுகிறது. ஒரு அங்குலம் குறைத்தால் 150, 200 சுற்று ஏறும். மேலே போனால் மறுபக்கம் மாற்றுங்கள். ஆனால் வெறும் வள்ளத்தில் அளக்க வேண்டாம். வலை, ஐஸ் பெட்டி, இரண்டு பேர், தொழிலுக்குப் போகிற பாரம் அவ்வளவும் ஏற்றிக்கொண்டு அளவுங்கள்.