பி.எஸ்.ஏ. பார்க்கலாமா? சிறுநீரியல் மருத்துவர் பதில்கள்

கே: டாக்டர், வயசு 58. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. 5.2 என்று வந்திருக்கிறது. வீட்டில் ஒரே அழுகை.

ப: பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதம். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்தே பாதி பயம். 4-லிருந்து 10-க்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதில்) புரோஸ்டேட் புற்றுநோய் தெரிகிறது. வயதால் புரோஸ்டேட் வீங்கினாலும் ஏறும், சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். முதலில் யூரின் டெஸ்ட் பாருங்கள். தொற்று இருந்தால் குணமாகி ஆறு வாரமாவது போகட்டும். மறுபடி ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் உடலுறவும் சைக்கிளும் வேண்டாம். அப்போதும் கூடுதல் என்றால், பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ.

கே: புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு வருஷமாக ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறேன். பி.எஸ்.ஏ. 2.6. நார்மல்தானே சார்?

ப: இரண்டால் பெருக்குங்கள். அந்த மாத்திரை பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாக்கிக் காட்டும். மேலே கேட்டவரும் நீங்களும் ஒரே நிலைதான்.

கே: இந்த பி.எஸ்.ஏ. பரிசோதனை உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா, இல்லை லேப்காரர்கள் வியாபாரமா?

ப: காப்பாற்றுகிறது, ஆனால் கொஞ்சம் பேரை. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் 23 ஆண்டுக் கணக்கு 2025-ல் வந்தது. புரோஸ்டேட் புற்றால் வரும் சாவு 13 சதவீதம் குறைவு. அதாவது 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒரு சாவு தவிர்கிறது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்குப் புற்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களில் பலருக்கு அது கடைசிவரை தொந்தரவே தராமல் இருந்திருக்கும். அமெரிக்க நிபுணர் குழு 2012-ல் வேண்டாம் என்றது. 2018-ல், 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டது. கேட்காமலே பேக்கேஜில் சேர்த்துவிடுவதுதான் எனக்கு எரிச்சல்.

கே: புற்று என்று தெரிந்தால் ஆபரேஷன் கட்டாயமா?

ப: இல்லை. பிரிட்டனில் ஆரம்பநிலைக்காரர்கள் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று பிரித்துப் பார்த்தார்கள். 15 ஆண்டில் அந்தப் புற்றால் இறந்தவர்கள் மொத்தமே 2.7 சதவீதம், பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசமில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் பரவல் கூடுதல், அதையும் மறைக்கக்கூடாது. மறுபக்கம், அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவு, விறைப்புக் குறைவு. தீவிர வகை என்றால் பேச்சே வேறு, சிகிச்சை வேண்டும்.

கே: அப்பாவுக்கு 76. பார்த்துவிடலாமா?

ப: தொந்தரவு எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சிறுநீரில் ரத்தமோ தீராத முதுகு வலியோ இருந்தால் நாளைக்கே கூட்டிப் போங்கள்.

கே: அண்ணனுக்கு 52 வயதில் புரோஸ்டேட் புற்று வந்தது. எனக்கு 45.

ப: நீங்கள் இப்போதே பேச வேண்டியவர். வீட்டுப் பெண்களில் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்ததா என்று கேட்டுக்கொண்டு போங்கள், ஒரே பரம்பரைக் கோளாறு இவை எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கலாம்.