பத்தாவது முடித்த பையனுக்கு சி.என்.சி. ஆசை: பிளஸ் ஒன்னா, ஐ.டி.ஐ.யா, டிப்ளமோவா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 318 மதிப்பெண், கணக்கில் 52. பள்ளியில் பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல் தருகிறோம் என்கிறார்கள். என் தம்பி ஐ.டி.ஐ.யில் போடச் சொல்கிறான். பக்கத்து வீட்டில் டிப்ளமோதான் மதிப்பு என்கிறார்கள். இவனோ ரோபோ, சி.என்.சி. (கணினியால் ஓடும் மெஷின்) என்று யூடியூப் பார்த்தபடி இருக்கிறான். எதில் சேர்ப்பது? (ஓசூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, முதலில் கால்குலேட்டரை எடுங்கள். பத்தாவதுக்குப் பிறகு நேரே பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால் 3 ஆண்டு. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மொத்தம் 4 ஆண்டு. பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தாலும் அதே கதவு, அதே 4 ஆண்டு. ஆக, கடைசி இரண்டு வழிகளும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. முதல் இரண்டு ஆண்டில் பையனின் கை எதில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். 50 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் ஜாப் (கடையும் உருப்படி) ஒன்றைக் கடைந்து, சூடாறாமல் அப்படியே மைக்ரோமீட்டரில் (நுண்ணளவுக் கருவி) பிடித்துப் பார்ப்பான் புதுப் பையன். ஜாப் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் அளவு சுமார் 0.012 மி.மீ. பெரிதாகக் காட்டும். டிராயிங்கில் கொடுத்திருக்கும் டாலரன்ஸே, அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசமே, 0.02 மி.மீ. என்றால் பாதிக்கு மேல் இந்தச் சூடே தின்றுவிட்டது. அவன் அதை நம்பி ஆஃப்செட்டை (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) குறைப்பான். ஆறியதும் ஜாப் அளவு குறைந்து ரிஜெக்ட். மெஷின் மேல் தப்பில்லை, புரோகிராம் மேலும் தப்பில்லை. நான் பழக்கிய பையன்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது இதில் விழுந்திருக்கிறார்கள். மெஷினை ஓடவிடும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்த ஒரு வாரம் போதும், ஆபரேட்டர் ஆகிவிடலாம். மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர் ஆக டிராயிங் படிக்கணும், அளக்கணும், வெட்டும் முனையான இன்சர்ட் தேய்வதைச் சத்தத்திலேயே பிடிக்கணும். சம்பளம் ஏறுவதும் அங்கேதான்.

அதனால் உங்கள் மகனுக்கு என் ஓட்டு ஐ.டி.ஐ.க்கு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருக்கிறார்கள். சி.என்.சி., ரோபோ, மின்வாகனப் பிரிவுகள் அங்கே வந்திருக்கின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரோபோட்டிக்ஸ் பிரிவு பெயரில் கவர்ச்சியானது, ஆனால் ஓராண்டுப் படிப்பு. டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர இரண்டாண்டு டிரேடு (தொழிற்பிரிவு) வேண்டும். அட்வான்ஸ்டு சி.என்.சி. மெஷினிங், மெஷினிஸ்ட், டர்னர், ஃபிட்டர் எல்லாம் இரண்டாண்டு. தமிழ், ஆங்கிலத் தாள்களையும் எழுதித் தேறிவிட்டால் அந்த இரண்டாண்டு ஐ.டி.ஐ. பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கப்படும். ரோபோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜாப்பைச் சக்கில் (மெஷினின் பிடிப்பானில்) சரியாகப் பிடிக்கத் தெரியாதவனால், அதைப் பிடிக்க ரோபோவுக்கு மட்டும் எப்படிச் சொல்லித்தர முடியும்?

பிளஸ் ஒன் தொழிற்கல்வியை மட்டமாகச் சொல்லவில்லை. முன்பு ஜெனரல் மெஷினிஸ்ட் என்று இருந்த பிரிவுதான் இது. பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பி.இ. போகணும், இல்லை வேறு பட்டம் படிக்கணும் என்ற யோசனை வீட்டில் இருந்தால் அதுவே நல்லது. ஆனால் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவையே மூடிய பள்ளிகள் உண்டு. கற்றுத்தர ஆள் இருக்கிறாரா, லேத் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நேரடி டிப்ளமோவா? கணக்கில் 52 என்பது பயப்படும் மார்க் இல்லை. ஆனால் முதலாண்டில் கணக்கும் இயற்பியலும் கொஞ்சம் அழுத்தும். டேப்பர் (கூம்புச் சரிவு) கடைய டேன் தீட்டா வேண்டும் என்று பட்டறையில் தெரிந்துகொண்ட பிறகு அதே கணக்கு மண்டையில் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கே சேர்த்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை நாளில் மகனோடு பட்டறைக்குப் போங்கள். மெஷின் புதிதா என்று பார்க்காதீர்கள். கீழே உள்ள டிரேயில் கடைந்த இரும்புச் சுருள் இருக்கிறதா பாருங்கள். பளபளவென்று துடைத்து, உறை போட்டு வைத்த மெஷின் என்றால் பையன்களுக்குத் தருவதில்லை என்று அர்த்தம். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று ஆசிரியரிடம் அல்ல, இரண்டாமாண்டுப் பையனிடம் கேளுங்கள். டீக்கடையில் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வான்.

கடைசியாக வயது. இப்போது 15 என்றால் ஐ.டி.ஐ. முடிக்கும்போது 17தான். 18 ஆகாமல் பெரும்பாலான கம்பெனிகள் வேலைக்கு எடுப்பதில்லை, இரவு ஷிஃப்டும் கூடாது. 'சும்மாதானே இருக்கிறான்' என்று தெரிந்தவர் பட்டறையில் விட்டுவிடாமல், அந்த ஜூனிலேயே டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.