காந்தத் தூண்டல் மூளையின் முன்பகுதியில் என்ன செய்கிறது?

மண்டையோட்டைத் திறக்காமல், தலைமேல் வைத்த கம்பிச்சுருள் வழியாகக் குறுகிய காந்தத் துடிப்புகளைச் செலுத்தி நரம்பணுக்களை இயக்கும் முறை இது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினர். உண்மையில் நரம்பணுவைத் தூண்டுவது காந்தம் அன்று, மின்சாரம். கம்பியில்லாச் சார்ஜரின் மேல் வைத்த கைப்பேசி எந்த இணைப்புமின்றி மின்னேற்றம் பெறுவதுபோல, வேகமாக மாறும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து மூளையின் வெளியடுக்கான புறணியில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. வழக்கமான சுருள்கள் எட்டுவது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான்; கவனம், திட்டமிடல், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றில் பங்குள்ள முன்நெற்றிப் புறணியின் பக்கவாட்டுப் பகுதி மேற்பரப்பை ஒட்டியிருப்பது நமக்கு வாய்த்த வசதி.

பொதுவாக நொடிக்கு 10 துடிப்புகள் அங்குள்ள செயல்பாட்டை உயர்த்தும், நொடிக்கு ஒன்று என்றால் தணிக்கும். ஆயினும் விளைவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதைக் கண்டிப்பான விதியாகக் கொள்ளக் கூடாது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இடப்பக்க முன்நெற்றிப் புறணியை வாரக்கணக்கில் தூண்டும்போது, அதனோடு பிணைந்த ஆழமான உணர்ச்சிப் பகுதிகளின் இயக்கமும் சேர்ந்தே மாறுகிறது.

மயக்கமருந்து கொடுத்து வலிப்பை வரவழைக்கும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் இதுவும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். இங்கோ மயக்கமருந்து கிடையாது, வலிப்பை உண்டாக்குவது நோக்கமும் அன்று, சுருளின் ‘டக் டக்’ ஒலியைக் கேட்டபடி நோயாளி விழித்தே அமர்ந்திருப்பார்.