கறுப்பு மண்ணில் ஒரு குறுக்கு வழி

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் நண்பர்கள் நான்கு பேரோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்கலாண்டே பக்கம் நியான் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். கயிறு கட்டி இறங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. வானம் பளிச்சென்று இருந்ததால் தைரியமாக இறங்கிவிட்டோம். தோள் நுழையாத இடுக்குகளில் முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச்சுவரிலும் கொடுத்து நகர்ந்தோம். ஒரு பாறைக் குழியில் மார்பளவு பனித் தண்ணீர், ஏறப் பிடிமானமே இல்லை. ஒருவன் தோள்மேல் ஒருவன் நின்று வெளியே வந்தோம். கடைசியில் கோல்டன் கதீட்ரல் என்ற பாறைக் குகையின் கூரைத் துளை வழியாக இறங்கும்போது எனக்குக் கை நடுங்கிவிட்டது. இருட்டுவதற்குள் காருக்குப் போகவேண்டுமென்று கறுப்பு மண் மேட்டின் குறுக்கே நடந்தோம். காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது, அதுவும் ஒரு ஜாலி. அப்பா ‘உனக்கெதுக்குடா இந்த வேலை’ என்கிறார். பயத்தைத் தாண்டுவது எப்படி அக்கா? அக்டோபரில் எட்டுப் பேராக மறுபடியும் போகிறோம்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

குழியிலிருந்து தோளேறி வந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் குளிரில் அடியில் நின்றவன் யார்? இன்னொருவனின் ஈரச் சப்பாத்து கழுத்தெலும்பில் அழுந்த, அவன் மேலே போய்க் கயிறு போடும்வரை தண்ணீரிலேயே நின்றிருப்பானே. அவனை ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். அவனைப் பற்றித் தனியாக எழுதுங்கள், உங்களுக்கு எழுத வரும்.

பயத்தைத் தாண்டவெல்லாம் வேண்டாம். நடுங்குகிற கைதான் கயிற்றை மாட்டும் கேரபைனர் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கும். அப்பா கேட்டதற்கும் நான் என்ன சொல்ல? எல்லா அப்பாக்களும் கேட்பதுதான்.

‘வானம் பளிச்சென்று இருந்ததால்’ என்ற சொற்களுக்குக் காதைப் பிடித்துத் திருகவேண்டும். 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனில் 11 பேரை அடித்துக்கொண்டு போன வெள்ளம் பல மைல் தள்ளிப் பெய்த மழையில் வந்தது. 2015 செப்டம்பரில் ஸயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். வெற்றுப் பாறையில் மழை தங்காது, பெய்ததெல்லாம் இடுக்குக்கு ஓடிவரும். நீர் வரும் பரப்பு முழுவதுக்கும் முன்னறிவிப்பைப் பார்க்கவேண்டும். நிமிர்ந்தால் தெரிகிற ஒரு கீற்று வானத்தை நம்பி யாரும் இறங்கக் கூடாது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த அப்பளத்துக்காக.

நீங்கள் நொறுக்கிக்கொண்டு நடந்தது உயிருள்ள மண். நியான் கேன்யனுக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஈஜிப்ட் என்ற மேட்டில் நானும் நடந்திருக்கிறேன். கூட வந்த தோழி மண்ணைப் படித்தவள். பாதையோரத்தில் யாரோ மிதித்து ஏற்கெனவே உடைந்து கிடந்த ஒரு சில்லை எடுத்துக் காட்டினாள். மேலே கரிந்த ரொட்டி நிறம், சின்னச் சின்ன முகடுகள். அடியில் மணல் துகள்கள் உதிராமல் அந்தரத்தில் தொங்கின. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இழைகளில் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் மண்ணுக்குள் ஊர்ந்தபடி சுரக்கும் பிசினுறைகள்தான் அந்த இழைகள். பிறகு பாட்டில் மூடியளவு தண்ணீரை அந்தச் சில்லின் மேல் ஊற்றினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு பச்சையானது. செத்துக் கிடப்பதுபோல இருந்த பாசி இலை விரித்தது. மழை எப்போது வருமென்று தெரியாத நிலத்தில் இத்தனை நாள் அது காத்துக் கிடந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதும், காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துச் செடிக்குக் கொடுப்பதும் இந்த விரல் கனத் தோல்தான். ஒரு மிதியில் அது உடைந்துவிடும். பாசியும், பூஞ்சையும் பாசியினமும் சேர்ந்து வாழும் லைக்கனும் பழையபடி கூடிவரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த மாலை நீங்கள் வைத்த அடியின் மேல் தோல் மூடும்போது உங்கள் பிள்ளைகள் கல்லூரி முடித்திருப்பார்கள்.

உடைந்த மண் என்ன ஆகும்? வசந்தகாலக் காற்றில் தூசியாகக் கிளம்பி, கிழக்கே கொலராடோ மலைகளின் பனிமேல் போய்ப் படியும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், அழுக்குப் பனி வாங்கிக்கொள்ளும். அதனால் பனி சீக்கிரம் உருகுகிறது. செடிகள் முன்கூட்டியே தளிர்த்து, ஆற்றுக்குப் போகவேண்டிய நீரை உறிஞ்சி ஆவியாக விடுகின்றன. தாமஸ் பெயின்டர், ஜெயின் பெல்நாப் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொலராடோ ஆற்றின் உச்ச நீர்வரத்து சராசரியாக மூன்று வாரம் முந்திவிடுகிறது, ஆண்டு நீரில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்துபோகிறது. நீங்கள் இருப்பது ஃபீனிக்ஸில். 336 மைல் கால்வாய் வெட்டிப் பாலைவனத்தின் குறுக்கே உங்கள் ஊர்ப்பக்கம் கொண்டுவருவது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

ஐந்து பேர் நடந்தா ஆறு வற்றியது என்று கேட்பீர்கள். இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து இறங்கிய ஆடு மாடுகள் செய்ததுதான் பெரும் சேதம், அதன் பிறகு வண்டிகள். ஆனால் மாடு மேய்த்தவனுக்கு அது வயிற்றுப்பாடு. உங்களுக்கு இருந்தது காருக்குப் போகும் அவசரம். அதில் ஜாலி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே ஸ்லிக்ராக் என்கிற வழவழப்பான வெற்றுப் பாறை ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கிறது. 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மணல்மேடுகள் இறுகிய நவஹோ மணற்கல் அது. நாள் முழுக்க நடந்தாலும் தாங்கும். இல்லையென்றால் வெள்ளம் ஓடிய மணல்தடத்தில் நடக்கலாம், அதை அடுத்த வெள்ளம் அழித்துவிடும். வேறு வழியே இல்லாமல் கறுப்பு மண்ணைக் கடந்தாக வேண்டுமென்றால், முன்னால் போகிறவரின் கால்தடத்திலேயே கால் வைத்து ஒற்றை வரிசையில் போகவேண்டும். பரவி நடக்கவே கூடாது.

கயிறுக்கும் இதைத்தான் சொல்வேன். பாறை நடந்தால் தாங்கும், அறுத்தால் தாங்காது. மணல் ஏறிய கயிற்றை விளிம்பில் வைத்து இழுக்க இழுக்க அது ரம்பமாகிவிடுகிறது. ஓர் இறக்கத்தின் உதட்டில் விரல் முழுசாக உள்ளே போகும் வெட்டுகளைப் பார்த்தேன், பக்கத்தில் பக்கத்தில். அடுத்து வருபவரின் கயிறு அதில் சிக்கிக்கொண்டால் பாதி இறங்கிய குழு அங்கேயே மாட்டிக்கொள்ளும். கயிற்றைத் தாங்கும் நங்கூரத்தைக் கட்டும்போது, வெப்பிங் என்ற பட்டை நாடாவை விளிம்பு தாண்டும் அளவு நீளமாக விடுங்கள். கடைசியாக இறங்குபவர், கீழே உள்ளவர்களைக் கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொல்லி, உரசாமல் வருகிறதென்று தெரிந்த பிறகு இறங்கட்டும்.

அக்டோபரில் எட்டுப் பேர் வேண்டாம். ஒவ்வொரு கயிற்றடியிலும் ஏழு பேர் ஈரத்தோடு நிழலில் நின்று விறைத்துப்போவார்கள், கடைசி ஆள் இறங்குவதற்குள் பொழுது சாயும், பிறகு எல்லோருக்கும் குறுக்கு வழி தேவைப்படும். நான்கு பேராகப் போங்கள். மற்ற நான்கு பேர் இன்னொரு நாள் போகட்டும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா