மோதலுக்கும் தொடுதலுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்: வாசகர் கேள்வி பதில்

சோதனைக் கருவிகளில் நுட்பமான சென்சார்களைப் பொருத்துவது குறித்து வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சோதிக்கப்படும் மாதிரியின் பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி, ஓர் இடப்பெயர்ச்சி சென்சாரை, அதாவது நகர்வை அளக்கும் உணரியை, நிறுத்த வேண்டும். மைக்ரோமீட்டர் திருகு வைத்த தாங்கியில்தான் பொருத்துகிறோம். ஆனாலும் இதுவரை மூன்று சென்சார்கள் மாதிரியில் மோதி முனை நொறுங்கிவிட்டன. குறை கையிலா, கருவியிலா?

பதில்: நடுங்காத கையும் மோதத்தான் செய்யும், ஆகவே கையைக் குறை சொல்ல வேண்டாம். வழக்கமான மைக்ரோமீட்டர் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மில்லிமீட்டர் நகரும். அதன் உருளையில் 50 கோடுகள் இருப்பதால் ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான் ஆகிறது. கோட்டைப் பார்த்துத் திருகும் வரை அது நுட்பமான கருவிதான். ஆனால் எத்தனை சுற்று திருகினோம் என்ற கணக்கு ஒன்றே ஒன்று பிசகினால், அந்த ஒரு சுற்றே உங்கள் முழு இடைவெளியையும் விழுங்கிவிடும். நுண்திருகு துல்லியத்தைத் தருமே தவிரப் பாதுகாப்பைத் தராது. பாதுகாப்புக்கு, அதற்கு மேல் நகரவே முடியாதபடி தாங்கியில் ஒரு தடுப்பு வேண்டும்.

அந்தத் தடுப்பை எங்கே வைப்பது என்று தேடுவதற்கு உணரியையே பயன்படுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. உணரியின் நீளமும் விட்டமும் கொண்ட ஒரு பித்தளைத் தண்டைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு முன்னால் 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டைப் பிடித்தபடி தண்டை மெல்ல முன்னேற்றி, தகட்டை இழுக்கும்போது விரலில் இலேசான பிடிப்பு தெரிகிற இடத்தில் நிறுத்தி, தடுப்பை அங்கே பூட்டிவிடுங்கள். பிறகு தாங்கியை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, தண்டை எடுத்துவிட்டு உணரியை மாட்டுங்கள். தண்டுக்கும் உணரிக்கும் நீளத்தில் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் அது அப்படியே இடைவெளியில் வந்து நிற்கும் என்பதால், இரண்டையும் முன்னதாக அளந்து எழுதி வைப்பது நல்லது.

உங்களுடையது எடி கரண்ட் வகையானால் (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, தொடாமலே தூரத்தை அளப்பது), இறுதி இடைவெளியை வெளியீட்டு மின்னழுத்தத்தைப் பார்த்தே அமைக்கலாம். எஃகுத் தகட்டை உள்ளே நுழைத்து உணரியின் முகத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. உடலிலேயே மரை உள்ள உணரியைத் திருகும் முன் கேபிள் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிளும் முறுக்கிக்கொண்டு, முனை தப்பினாலும் பின்புறம் கம்பி அறுந்துபோகும்.

நெருங்கும் விதத்தைக் கற்க விரும்புகிறவர்களுக்கு, 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் உருவாக்கிய, நுண்முனையால் பரப்பைத் துழாவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் எண்ணம். இத்தகைய கருவிகள் பலவற்றில், முதலில் பீசோ படிகம் (மின்னழுத்தம் தந்தால் மிக நுண்ணிய அளவு நீளும் படிகம்) நீண்டு முன்னே துழாவிப் பார்க்கும். எதுவும் தட்டுப்படாவிட்டால் முழுவதுமாக உள்ளிழுத்துக்கொள்ளும். அதன் பிறகே மோட்டார் ஓர் அடி முன்வைக்கும். அந்த அடி பீசோ நீளும் தூரத்தைவிடச் சிறியது. ஆகவே மோட்டார் கண்மூடித்தனமாக நகரும் தூரம், ஏற்கெனவே துழாவித் தெரிந்துகொண்ட தூரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இருட்டில் படியிறங்குகிறவர் செய்வதும் இதுதான்.

கேள்வி: இடத்தைச் சரியாக அமைத்துவிட்டுப் பூட்டுத் திருகை இறுக்கினால் அளவீடு சில மைக்ரான் விலகுகிறது. இறுக்காமல் விட்டால் சோதனையின் நடுவில் வழுக்குகிறது. லோடு செல் என்னும் விசை அளக்கும் உணரியைப் பொருத்தும்போதும் இதே தொல்லைதான். எவ்வளவு இறுக்குவது சரி?

பதில்: எவ்வளவு இறுக்குகிறோம் என்பதற்கு முன், எந்த இடத்தில் இறுக்குகிறோம் என்று பாருங்கள். திருகின் நுனி உணரியின் மெல்லிய உடலை நேராகக் குத்தினால், அந்த ஒரு புள்ளியில் குழாய் நசுங்கும். எல்விடிடி (சுருளுக்குள் உள்ளகம் நகர்வதைக் கொண்டு இடப்பெயர்ச்சியை அளப்பது) போன்ற உருளை உணரிகளில் இது அடிக்கடி நேர்கிறது. சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும் பிளவு வளையத்தில் உணரியை வைத்து, வளையத்தின் காதுகளை மட்டும் இறுக்கினால் அழுத்தம் பரவிவிடும். பூட்டும்போது அளவீட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகுகிறது என்றால், அந்த அளவை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் விட்டு வைக்கலாம். திருகு மரையில் இருக்கும் தளர்ச்சி தனி. அதற்கு, எப்போதும் ஒரே திசையிலிருந்து இலக்கை அடைய வேண்டும்; தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்வாங்கி மறுபடியும் வர வேண்டும்.

உணரியை அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர்கள், மூன்று குண்டுகள் மூன்று பள்ளங்களில் அமரும் இருக்கையைச் செய்துகொள்ளலாம். ஒரு பொருள் நகரக்கூடிய, திரும்பக்கூடிய வழிகள் மொத்தம் ஆறு. பள்ளத்துக்கு இரண்டு தொடுபுள்ளிகள் வீதம் ஆறு புள்ளிகளில் அந்த ஆறும் கட்டுப்பட்டுவிடுகின்றன. ஒரு மென்மையான ஸ்பிரிங் மேலிருந்து அழுத்தினால் போதும். வலிந்து இறுக்காமலே உணரி அதே இடத்துக்குத் திரும்பி வந்து அமரும்.

லோடு செல்லைப் பொறுத்தவரை, பொருத்தும் நேரம் முழுவதும் அதன் திரையை அணைக்காதீர்கள். 10 நியூட்டன் செல்லுக்கு ஒரு கிலோகிராம் எடையே ஏறக்குறைய முழுச் சுமை. பிடியைத் திருகும்போது உங்கள் மணிக்கட்டு அதைவிட அதிகமாகவே தள்ளும். ஸ்பேனரின் முறுக்குவிசை செல்லின் ஊடாகச் செல்லாதபடி, செல்லை ஒட்டிய பாகத்தை இன்னொரு ஸ்பேனரால் எதிர்ப்பிடியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேபிளைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது.

கேள்வி: ஸ்ட்ரெயின் கேஜ் (பரப்பு எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் மெல்லிய படலம்) ஒட்டும்போது சிறிது சாய்ந்துவிட்டது. உரித்து மறுபடி ஒட்ட முயன்று படலம் கிழிந்துவிட்டது. சாய்வு எவ்வளவு வரை பொறுக்கலாம்?

பதில்: உரித்திருக்கவே வேண்டாம். ஒட்டிக் காய்ந்த கேஜ் உரித்தால் பிழைக்காது. ஒரே திசையில் இழுக்கப்படும் எஃகு மாதிரியில், இழுவைத் திசையிலிருந்து 2 பாகை சாய்ந்தால் பிழை 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. 5 பாகை சாய்ந்தால்தான் ஏறத்தாழ 1 விழுக்காடு வரும். பல திசைகளில் தகைவு (பொருளுக்குள் உண்டாகும் இழுவிசை, அழுத்தவிசை) இருக்கும் இடத்தில் மட்டும் இந்த ஆறுதல் கிடையாது.

சரிசெய்யும் வேலையெல்லாம் பசை படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கேஜை ஒளிபுகும் டேப்பில் ஏந்தி, மாதிரியில் வரைந்த கோட்டோடு அதன் குறிகளைப் பொருத்திப் பாருங்கள். சாய்ந்திருந்தால் டேப்பை எடுத்து மறுபடி வையுங்கள், எத்தனை முறை ஆனாலும் சேதமில்லை. பிறகு டேப்பின் ஒரு முனையை ஒட்டியபடியே விட்டு மறுமுனையைத் தூக்கி, சயனோஅக்ரிலேட் பசையை ஒரு சொட்டு இட்டு, ஒரே வீச்சில் தடவிப் படியவைத்து, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். டேப்பை எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், அதன் மேலேயே பின்னால் மடித்துப் பரப்போடு ஒட்டியவாறு மெதுவாக உரிக்க வேண்டும். பெரும்பாலான படலங்கள் கிழிவது இந்தக் கடைசி நொடியில்தான்.

கேள்வி: யாரும் தொடாமலே, பொருத்திய அரை மணி நேரத்தில் இடம் விலகிவிடுகிறது. ஏன்?

பதில்: தொட்டவர் நீங்கள்தான், பொருத்தும்போது. 100 மில்லிமீட்டர் நீள அலுமினியத் தாங்கி ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் 2.3 மைக்ரான் நீளும். எஃகானால் ஏறக்குறைய 1.2. உங்கள் கைச்சூடு ஆறும் வரை தாங்கி சுருங்கிக்கொண்டே இருக்கும். கையுறை அணிந்து பொருத்தி, சிறிது நேரம் ஆறவிட்டுக் கடைசித் திருத்தத்தைச் செய்யுங்கள்.

கேள்வி: கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மின்வாயின் கண்ணாடிக் குமிழ் அடிக்கடி உடைகிறது.

பதில்: காந்தக் கலக்கியின் தண்டு சுழலும் உயரத்துக்குக் குமிழ் இறங்குகிறது என்று நினைக்கிறேன். கலக்கியை நிறுத்திய நிலையில் மின்வாயைத் தாங்கியில் பூட்டி, குமிழ் தண்டுக்கு நன்கு மேலே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே சுழல விடுங்கள். ஈரத்தைத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.