சேம்பர் வாங்கும் முன் மழையில் ஒரு நடை

(தொலைபேசித் துறையின் வெளிப்புறக் கேபிள் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீலகிரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர், வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கோத்தகிரியில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் நடத்துகிறேன் சார். கம்பத்தில் ஓடும் ஃபைபர் ஒவ்வொரு காற்றுக்கும் மரம் விழுந்து அறுந்துபோகிறது. அதனால் டவுனிலிருந்து கீழே மூன்று ஹட்டிகளுக்கு (படகர் ஊர்களுக்கு) நாலு கிலோமீட்டர் மண்ணுக்கடியில் கொண்டுபோக முடிவு செய்துவிட்டேன். கேபிளை இணைத்து ஜாயிண்ட் போடும் இடங்களில் மண்ணுக்குள் மூடியோடு ஒரு பெட்டி, அதாவது சேம்பர், வேண்டும். செங்கல் சேம்பர், ரெடிமேடு கான்கிரீட் சேம்பர், பிளாஸ்டிக் சேம்பர் மூன்றுக்கும் விலை வாங்கியிருக்கிறேன். எதை எடுக்கலாம்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

விலைப் பட்டியலைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள் தம்பி. அந்த நாலு கிலோமீட்டரையும் நல்ல மழை நாளில் ஒருமுறை குடை பிடித்து நடந்துவிட்டு வந்து அதைத் திறங்கள். மலையில் சேம்பரைக் கெடுப்பது தண்ணீர்தான். அது எந்த வழியாக வருகிறது என்று வெயில் நாளில் தெரியாது.

சமவெளியில் சேம்பருக்குள் தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான். இங்கே இரண்டு வழியாக ஓடி வரும். ஒன்று, நீங்கள் தோண்டிய பள்ளம். எத்தனை தடவை மிதித்து மூடினாலும் பக்கத்து மண்ணைவிட அது இளக்கம்தான். மேலே விழுகிற மழை அந்த இளக்கத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். இன்னொன்று, கேபிள் ஓடும் குழாயான டக்டே. மேல் சேம்பரில் குழாய் வாயைத் திறந்து விட்டிருந்தால் அங்கே நிரம்பும் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாகக் கீழ் சேம்பருக்கு வந்துவிடும். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். உங்கள் பாதை கோத்தகிரியிலிருந்து ஹட்டிக்கு எத்தனை மீட்டர் இறங்குகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் குன்னூர்ப் பக்கம் ஒரு லைன் போட்டோம். ரப்பர் பிளக் வந்து சேரவில்லை. வேலை நிற்கக் கூடாது என்று டக்ட் வாயில் சாக்குத் துணியைச் சுருட்டி அடைக்கச் சொன்னேன். பிளக் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன், மாற்றவில்லை. ஐப்பசி மழையில் லைன் போனது. மூடியைத் தூக்கினால், கேபிள் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் தக்காளிக் குழம்பு மாதிரி செம்மண் கூழ். ஒரு மூலையில் டக்ட் வாயிலிருந்து கட்டை விரல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. அதோடு தேயிலைச் சருகும் வந்து விழுந்தது. எதிரே தோட்டமே இல்லை. சருகு அரை கிலோமீட்டர் மேலேயிருந்த சேம்பரிலிருந்து குழாய்க்குள்ளேயே பயணம் செய்து வந்திருக்கிறது. அந்த ஜாயிண்ட்டைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் ஓர் ஊர் முழுக்கப் போன் இல்லாமல் இருந்தது. தப்பு என்னுடையது.

ஃபைபர் கண்ணாடி இழைதானே, துருப்பிடிக்காது, தண்ணீர் பட்டால் வெளிச்சம் நின்றுவிடாது, அப்புறம் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஜாயிண்ட் போடும் இடத்தில் இழையின் மேல்பூச்சை உரித்துவிடுகிறோம். அந்த வெறும் கண்ணாடியில் ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் நாளாக ஆக வளரும். வளர்ந்து ஒரு நாள் முறியும். அதனால் பிளக்கும், ஜாயிண்ட்டை மூடும் உறையான குளோஷரின் ரப்பரும் சேம்பரைவிட முக்கியம். காலியாக விடும் டக்டையும் சேர்த்து எல்லா வாயையும் அடையுங்கள். செங்குத்தான இடங்களில் பதினைந்து இருபது மீட்டருக்கு ஒரு இடத்தில் பள்ளத்துக்குக் குறுக்கே சிமென்ட் கலந்த மண்மூட்டைகளை அடுக்கிச் சின்ன அணை மாதிரி கட்டிவிட்டு மூடுங்கள்.

இனி இடம். நம் மலை ரோடுகள் பெரும்பாலும் பாதி வெட்டி, பாதி கொட்டிப் போட்டவை. பள்ளப்பக்கம் கொட்டிய மண், அது உட்காரும். மேட்டுப்பக்கம் உறுதி, ஆனால் சைடு கால்வாய் அங்கேதான் ஓடும். நான் மேட்டுப்பக்கத்தைத்தான் எடுப்பேன். கால்வாயை விட்டு விலகி, மூடியின் விளிம்பு கால்வாய்த் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கும்படி வைப்பேன். சிறுபாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மழையில் கிளையும் கல்லும் வந்து பாலத்தின் வாயை அடைத்தால் தண்ணீர் முதலில் ஏறுவது உங்கள் மூடிமேல்தான்.

இதெல்லாம் முடிவானால் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது சுலபம். லாரி போகும் ரோட்டோரத்தில் ரெடிமேடு கான்கிரீட். உள்ளளவு 60 சென்டிமீட்டர் சதுரம், சுவர் 7.5 சென்டிமீட்டர், ஆழம் 60 என்று ஒரே வார்ப்பாக வாங்கினால் கிட்டத்தட்ட 290 கிலோ. ஹட்டிப் படிக்கட்டில் அதை யார் தூக்குவது? அதே பெட்டியை 15 சென்டிமீட்டர் உயர வளையங்களாக வாங்கினால் வளையம் ஒன்று 73 கிலோ, இரண்டு பேர் கம்பு கட்டித் தூக்கிவிடுவார்கள். பிற்பாடு ரோட்டை உயர்த்தினாலும் ஒரு வளையம் கூடுதலாக வைத்தால் போதும்.

தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் பிளாஸ்டிக் தாராளமாகப் போடலாம். ஆனால் அடி மூடிய மாடலை வாங்காதீர்கள். 60 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி சுற்றிலும் தண்ணீர் நிரம்பிய மண்ணில் காலியாக நின்றால், தண்ணீர் அதை 216 கிலோ விசையோடு மேலே தள்ளும். பெட்டியின் எடை அதற்கு ஈடே இல்லை. அடி திறந்ததை வாங்கி, கீழே ஒரு சாண் உயரத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி போட்டு, கழுத்தைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை கொடுங்கள். பாறை இடுக்கில் எந்த ரெடிமேடும் உட்காராத இடத்துக்கு மட்டும் செங்கல். உள்ளும் புறமும் பூசி, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் ஆற விட்டுத்தான் மண் தள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் மறுநாளே மூடப் பார்ப்பார், விடாதீர்கள்.

மலையில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. சேம்பரின் அடியிலிருந்து ஒரு பைப்பைச் சரிவில் இறக்கி வெளியே விட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், மோட்டார் வேண்டாம். பைப்பின் வாயில் எலி நுழையாமல் வலை அடியுங்கள். எங்கே விடுகிறீர்கள் என்பது பெரிய விஷயம், கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துக்குள் போடும் சேம்பருக்கு 12 டன் மூடியா, 40 டன் மூடியா? விலை இரண்டு மடங்கு வித்தியாசம்.
– தோட்ட மேற்பார்வையாளர், குன்னூர்

மூடியில் பி125, டி400 என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஐரோப்பியத் தரம், எண் கிலோநியூட்டனில். 125 என்றால் சுமார் 12.5 டன், 400 என்றால் 40 டன். நம் இந்தியத் தரத்தில் வரும் கான்கிரீட் மூடிகளில் எல்.டி. (லேசான சுமை) 2.5, எம்.டி. (நடுத்தரம்) 10, எச்.டி. (கனம்) 20, இ.எச்.டி. (மிகக் கனம்) 35 என்று டன்னிலேயே இருக்கும். நடைபாதைக்கு 2.5 டன் போதும் என்பார்கள். காட்டெருமை ஒரு டன் வரை இருக்கும், அதையும் அது தாங்கிவிடும். ஆனால் உங்கள் தோட்டத்தில் இலை எடுக்க வரும் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பாதையை விட்டு ஏறாது என்று எழுதிக் கொடுக்க முடியுமா? சக்கரம் எட்டக்கூடிய எந்த இடத்துக்கும் 12.5 டன்னுக்குக் குறையாதீர்கள். லாரி தினமும் போகும் தடத்திலும் தார் ரோட்டிலும் 40 டன். அதிலும் பஸ் திரும்பும் வளைவில் சேம்பரே வேண்டாம், பத்து மீட்டர் தள்ளி வையுங்கள்.

இரும்பு மூடி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பூட்டுள்ள ஃபைபர் காம்போசிட் மூடியோ கான்கிரீட்டோ நல்லது. மூடி எத்தனை டன் என்றாலும் அது உட்காரும் சட்டத்துக்கு அடியில் மண் இளகியிருந்தால் ஒரு மழையில் ஆடத் தொடங்கிவிடும்.

60-க்கு 60 சேம்பர் போதும் என்கிறார் எங்கள் ஒப்பந்ததாரர். சரியா?
– பாலிடெக்னிக் மாணவி, உதகை

கேபிளின் விட்டத்தைக் கேளுங்கள். இழுக்கும்போது விட்டத்தைப் போல் 20 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும், இழுத்துக் கிடத்தியபின் 10 மடங்கு. 15 மி.மீ. கேபிள் என்றால் இழுக்கையில் 30 சென்டிமீட்டர் ஆரம், அதாவது 60 சென்டிமீட்டர் வட்டம். உங்கள் பெட்டி முழுக்க அதற்கே சரியாகிவிடும். இங்கே மூடுபனியிலும் சாரலிலும் குழி ஓரத்தில் உட்கார்ந்து ஜாயிண்ட் போட முடியாது. ஜீப்புக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துப்போக, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் உபரி கேபிள் வேண்டும். அந்தச் சுருளும் குளோஷரும் சேர்ந்தால் ஜாயிண்ட் இடத்துக்கு 90-க்கு 90 கேளுங்கள். வெறுமனே இழுத்துவிடும் இடத்துக்கு 60 போதும், அதுவும் மெல்லிய கேபிளுக்கு. குளோஷரைத் தரையில் கிடத்தாமல் சுவரில் உயரமாக மாட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மேலே ரோட்டில் ஃபைபர் சேம்பர் கட்டி, அதிலிருந்து ஒரு பைப்பை எங்கள் தடுப்புச்சுவரின் பின்பக்கம் விட்டிருக்கிறார்கள். இந்த மழைக்குச் சுவரில் புதிதாக ஈரம். கவலைப்படலாமா?
– குடும்பத்தலைவி, கேத்தி

கவலைப்பட வேண்டும் அம்மா, உடனே. சுவருக்குப் பின்னால் மண் தண்ணீர் குடித்தால் எடை கூடும், அழுத்தமும் கூடும். 2009 நவம்பரில் உங்கள் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததும், அந்த வாரம் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கே சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அதிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தால் பரவாயில்லை, கலங்கலாக மண்ணோடு வந்தால் உள்ளே அரிக்கிறது. சுவர் வயிறு தள்ளினாலோ, மேலே தரையில் வெடிப்பு தெரிந்தாலோ, அந்தப் பக்கத்து அறையில் இரவு தூங்காதீர்கள், 1077-க்குப் போன் செய்யுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை அது. பிறகு, ரோட்டைத் தோண்ட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு, படம் எடுத்து இணைத்து, எழுத்தில் கொடுங்கள். பைப்பை ரோட்டோரமாகவே கொண்டுபோய்ச் சிறுபாலத்தின் கீழ்ப்பக்க ஓடையில் விட வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். இருபது முப்பது மீட்டர் பைப்பும் அரை நாள் கூலியும்தான் செலவு. அதுவரை சேம்பருக்குள் இருக்கும் அந்தப் பைப்பின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்துவிடச் சொல்லுங்கள். சேம்பர் நிரம்பினால் நிரம்பட்டும்.